மான்சனீட்டா தெருவில் ஜூலை நான்கு

மான்சனீட்டா தெருவில் இப்போதெல்லாம் ஜூலை நான்காம் தேதிக் கொண்டாட்டம் காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. "இது சுதந்திர தினமா, இல்ல பல் டாக்டர்கிட்ட வாங்கின அப்பாயின்ட்மென்ட்டா?" என்று லானி ஸ்ட்ரேக் வருடா வருடம் கேட்பான். வெர்னா கிட்ரெட்ஜும் வருடா வருடம் காதில் விழாதது போல இருந்துவிடுவாள். இந்த வருடம் அவளால் அப்படி இருக்க முடியவில்லை.

முன்பெல்லாம் அந்த நாள் சாயங்காலம்தான் தொடங்கும். ஜூன் பிறந்ததுமே லானி தன் வைக்கோல் தொப்பியை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவான். சேர்ந்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி நெவாடாவுக்குப் போய், கலிபோர்னியாவில் விற்கவே கூடாத பெரிய வாணங்களாகப் பார்த்து வாங்கி வருவான். அவன் வீட்டுக் கூரை போடுகிறவன். உயரத்துக்கும் பயமில்லை, நெருப்புக்கும் பயமில்லை. தெருமுனையில் மரத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நாடாக்களைச் சுற்றிக்கொண்டு மேலும் கீழும் பறக்கும். நடுத்தெருவில் கரி அடுப்பு புகையும். ஒடீலியா பச்செக்கோ சோள மாவில் பன்றி இறைச்சி வைத்து அவித்த தமாலேயை அண்டாவோடு கொண்டுவந்து இறக்குவாள். இருட்டியதும் அத்தனை பேரும் மடக்கு நாற்காலிகளோடு வெர்னா வீட்டுப் பின்சரிவில் போய் உட்காருவார்கள். லானி அரை போதையில் திரிகளைப் பற்றவைத்துவிட்டு, மனிதன் இப்படியும் ஓடுவானா என்கிற மாதிரி ஓடிவருவான். அந்தச் சரிவில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது வெர்னாதான். அவளுக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு செப்டம்பர் மாதத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம் தீ வந்தது. ஒரே ராத்திரியில் அந்தப் பக்கத்துச் சரிவு முழுக்கப் போயிற்று. வெர்னாவின் அக்கா வீடும் அதில் போனது. அக்கா பிழைத்துக்கொண்டாள், போட்டிருந்த செருப்போடு. இப்போது ஐடஹோவில் மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். போன் செய்தால் வேறு எதுவும் பேசமாட்டாள். தன் சமையலறை ஜன்னலைப் பற்றி மட்டும் பேசுவாள்.

அந்த வருடமே வெர்னா தெருவுக்கென்று ஒரு தீத்தடுப்புக் குழு ஆரம்பித்தாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு விதி போடுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரி அடுப்பு கூடாது. பட்டாசு கூடாது, கம்பி மத்தாப்புகூடக் கூடாது. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் யாரும் புல் வெட்டக் கூடாது, ஏனென்றால் காய்ந்த புல்லுக்குள் வெட்டும் கத்தி ஒரு கல்லில் உரசினாலே போதும், தீப்பொறி பறக்கும். பதினோரு வீட்டுக் குளிர்பெட்டிக் கதவுகளிலும் இந்த விதிகளை ஒட்டவைத்தாள். ஜனங்கள் முணுமுணுத்தாலும் கேட்டார்கள். மேட்டில் ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கருப்பு மரங்கள் தெரிந்துகொண்டுதானே இருந்தன. போன வருடம் மட்டும் இருட்டியதும், வாணவேடிக்கைக்குப் பதிலாக, கராஜ் கதவில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, எங்கோ யாரோ விட்ட வாணத்தைப் படமாக ஓட்டிக் காட்டினாள். லானி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெறும் வானத்தைப் பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

இதெல்லாம் அக்காவுக்காக மட்டுமில்லை. தெருவில் பாதி வீடுகளை இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏற்கனவே கைகழுவிவிட்டார்கள். வெர்னா வீட்டைப் பார்க்க நாளைக் காலை எட்டு மணிக்கு ஆள் வருகிறான். அவனுக்குத் திருப்தியில்லை என்றால் அவள் வீட்டுக்கும் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத வீட்டை வீட்டுக்கடன் கொடுத்த வங்கி சும்மா விடாது. கணவன் டாயலுக்கும் அவளுக்கும் அந்த வீட்டை விட்டால் போக இடமில்லை. ஐடஹோவில் இன்னொரு பின்னறை இல்லை.

அன்று காலை தெருவில் மின்சாரக் கல்லில் பான்கேக் வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து நடுத்தெருவில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நாளை வருகிறவனுக்குக் காட்டப் படம் எடுத்துவைக்கலாம் என்பது வெர்னாவின் யோசனை. அப்போதுதான் ட்ரெவர் அவள் பக்கத்தில் வந்து நின்றான். நகரத்திலிருந்து குடிவந்து இரண்டு வருடமான பையன். குழுவில் அவளுக்கு வலதுகை.

"வெர்னா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நேத்து சாயங்காலம் லானி வண்டி வந்துச்சு. பின்னாடி தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. ராத்திரியே எல்லாத்தையும் ஷெட்டுக்குள்ள எறக்கிட்டாரு. டயரெல்லாம் வெள்ளை மண்ணு. நெவாடா மண்ணு."

"மண்ணப் பாத்தே மாநிலத்தச் சொல்லிடுவியா நீ?"

"நீங்கதானே எல்லாரையும் கண்ணத் தொறந்து வச்சுக்கச் சொன்னீங்க."

வெர்னா கூட்டத்தில் லானியைத் தேடினாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பின்னால் அவளே அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்த நேரத்தில் நேராக லானியின் முன்னால் போய் நின்றாள். அவன் தட்டில் மூன்று பான்கேக்கை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"லானி, வண்டில என்ன கொண்டுவந்தே?"

"நாலு டயர், ஒரு ஸ்டியரிங்."

"விளையாடாதே. தார்ப்பாய்க்கு அடியில என்ன?"

"என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் என்னை யாரும் இப்படி நிக்கவச்சுக் கேட்டதில்ல வெர்னா. நல்லாத்தான் இருக்கு, இன்னொரு தடவை கேளு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் வர்றான். உன் ஷெட்டுல வெடி இருக்குன்னு தெரிஞ்சா தெருவே போச்சு. தொறந்து காட்டு."

"பூட்டியிருக்கு. உடைச்சா ஷெரீபைக் கூப்பிடுவேன்."

"நானே கூப்பிடுறேன் ஷெரீபை!"

"கூப்பிடு, நல்லாக் கூப்பிடு." லானி தட்டைக் கீழே வைத்தான். இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "ஏரிக்கரையில விடலாம்னு சொல்றாங்க, அங்க எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். உங்கிட்ட அனுமதி வாங்கணும்னு தெரியாமப் போச்சு. இந்த நாளை நீ என்ன பண்ணிவச்சிருக்கேன்னு ஒரு தடவை பாரு வெர்னா. போர்வையில வாணம் விடுற. அடுத்த வருஷம் சுதந்திர தினத்தையே போன்ல அனுப்பிரு, வீட்ல படுத்துக்கிட்டே பாத்துக்கறோம்."

"எங்கக்கா வீட்டப் போய்ப் பாரு. புகைபோக்கி மட்டும் நிக்குது."

"அது நான் வச்ச தீ இல்ல."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, பிள்ளைங்க பாக்குது!" என்று ஒடீலியா குறுக்கே வந்தாள். எழுபதைத் தாண்டியவள், அவள் அதட்டினால் தெருவில் எல்லாரும் அடங்குவார்கள். லானி தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அதோடு கொண்டாட்டமும் முடிந்தது. யாரும் சொல்லாமலேயே மேசைகளை மடக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் வெர்னாவுக்குப் படபடப்பு அடங்கவில்லை. சமையலறையில் டாயல் நின்றுகொண்டே மீதி பான்கேக்கைத் தின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் நிதானமாகச் செய்கிறவன். வெர்னா ஜன்னல் வழியாகப் பின்சரிவைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு லானியின் வேலியை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் புல் இடுப்புயரத்துக்குக் காய்ந்து நின்றது.

"அந்தத் துண்டு இன்னும் அப்படியே நிக்குது டாயல். ரெண்டு வாரமாச் சொல்றேன்."

"நாளைக்கு விடியக்காலம் வெட்டிடறேன். ஈரம் இருக்கும்."

"உன் விடியக்காலம் எனக்குத் தெரியாதா? அந்தாள் வந்து வாசல்ல நிப்பான், நீ காபி ஆத்திக்கிட்டிருப்பே."

"மணி ஒண்ணாகப் போகுது வெர்னா. காத்து வேற அடிக்குது. உன் விதி..."

"என் விதி எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். அரைமணி வேலை. இன்னைக்கு யார் பாக்கப் போறா? ஊரே தின்னுட்டுப் படுத்திருக்கு. போ."

டாயல் அவளை ஒரு பார்வை பார்த்தான். முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவன். எந்தச் சண்டையில் ஜெயிக்கலாம், எதில் ஜெயிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் பின்பக்கம் புல் வெட்டும் இயந்திரம் உறுமியது. வெர்னா நிம்மதியோடு பக்கவாட்டு அறைக்குப் போய், லானி வீட்டைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இன்றைக்கு அவனை விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. லானி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பீரோடு வெளியே வந்தான். ஷெட்டின் முன்பக்கம் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தான். வெர்னா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். வெடி வைத்திருக்கும் ஷெட், கையில் நெருப்பு. ஷெரீபுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவன் சிகரெட்டைப் பாதிகூடப் பிடிக்கவில்லை. பழைய காபி டப்பாவுக்குள் அதை நசுக்கினான். நசுக்கிவிட்டு, மிச்சமிருந்த பீரை அதன் மேலேயே ஊற்றினான். டப்பாவை ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். வெர்னா ஏமாற்றத்தோடு போனை மடியில் வைத்தாள்.

பின்பக்கம் ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. இயந்திரம் நின்றது. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தாளே தவிர அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லானி வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வாசனைதான் வந்தது. பிறகு டாயலின் குரல். அவன் அப்படிக் கத்தி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பின்கதவைத் திறந்தபோது ஒரு மேசைவிரிப்பு அளவுக்குத் தீ இருந்தது. டாயல் சட்டையைக் கழற்றி அதை அடித்துக்கொண்டிருந்தான். அவள் குழாயடிக்கு ஓடினாள். அங்கே ரப்பர் குழாய் இல்லை. குழாய்களெல்லாம் தெருவில் வரிசையாகக் கிடந்தன. அவள் முன்வாசலைச் சுற்றி ஓடித் திரும்பி வருவதற்குள் தீ வேலியைத் தொட்டுவிட்டது. காய்ந்த புல் பற்றும்போது பெரிதாகச் சத்தமே போடாது. சரசரவென்று யாரோ நடந்து போகிற மாதிரி இருக்கும். காற்று அதை லானி வீட்டுப் பக்கமாகத் தள்ளியது.

லானி மண்வெட்டியோடு வேலியைத் தாண்டிக் குதித்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாயலின் பக்கத்தில் நின்று மண்ணை வாரி வாரிப் போட்டான். டாயலின் இரண்டு கையும் வெந்திருந்தன. "கல்லுல பட்டுச்சு வெர்னா," என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னான். லானி நான்கைந்து அடி தள்ளி இருந்தான். தீயின் இரைச்சலில் அவன் காதில் அது விழவில்லை.

"பேசாதே. கீழ போ," என்றாள் வெர்னா.

அதற்குள் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. லானி திரும்பித் தன் ஷெட்டைப் பார்த்தான். அதன் பின்சுவரில் தீ ஏறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வீசினான். "எல்லாரும் கீழ போங்க! வண்டிய எடுங்க! ஷெட்டுக்குள்ள இருக்கு, வெடி இருக்கு, ஓடுங்க!"

ஓடினார்கள். அந்தத் தெருவுக்கு ஒரே வழிதான், அதுவும் குறுகல். பதினோரு வீட்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பிள்ளைகள் நாடா சுற்றிய சைக்கிள்களுக்காக அழுதார்கள். பாதி வழியில் முதல் வெடி கேட்டது. அப்புறம் அத்தனையும் சேர்ந்து வெடித்தன. நடுப்பகலில் நிறம் எதுவும் தெரியவில்லை. சத்தமும் வெள்ளைப் புகையும் மட்டும்தான். மூன்று வருடமாக அந்தத் தெருவில் கேட்காத சத்தம். ஒரு ராக்கெட் தாழ்வாகச் சீறிப்போய் தெருவின் மேல்முனை வீட்டுப் பின்தாழ்வாரத்தின் கூரைக்குள் புகுந்தது. அது ஒடீலியாவின் வீடு.

தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்தன. ஹெலிகாப்டர் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து கொட்டியது. வெயில் சாயும் நேரத்தில் எல்லாம் அடங்கியிருந்தது. யாரும் சாகவில்லை. லானியின் ஷெட் போயிற்று. ஒடீலியாவின் தாழ்வாரமும் சமையலறையும் போயின. டாயலை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார்கள். ஏற்றும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அப்புறம் பேசிக்கலாம்," என்று வெர்னா அவன் தோளை அழுத்தினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

தெருமுனை மரத் தடுப்புக்குப் பக்கத்தில் எல்லாரும் கூடி நின்றார்கள். முகமெல்லாம் கரியாக, மெர்சர் என்ற பெண் தீயணைப்புக் கேப்டன் மேலேயிருந்து இறங்கி வந்தாள்.

"எங்க ஆரம்பிச்சுதுன்னு யாராவது பாத்தீங்களா?"

"இதுல பாக்க என்ன இருக்கு?" என்றான் ட்ரெவர். "ஷெட்டு நெறைய வெடி. நேத்துதான் நெவாடாலேர்ந்து கொண்டுவந்தாரு. காலைலயே வெர்னா எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, தொறந்துகூடக் காட்டல."

"ஆமா, நாங்களும் கேட்டோம்," என்று நான்கைந்து குரல்கள் சேர்ந்தன.

"தீ புல்லுலேர்ந்து ஷெட்டுக்கு வந்துச்சு, ஷெட்டுலேர்ந்து புல்லுக்குப் போகல," என்றான் லானி. "நான் வெளிய வந்தப்ப டாயல் தீய அடிச்சுக்கிட்டிருந்தான். எதையும் நான் பத்தவைக்கல."

"அந்தப் பக்கம் போனீங்களா? சிகரெட் எதாவது பிடிச்சீங்களா?" என்றாள் கேப்டன்.

லானி மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "பிடிச்சேன். ஷெட்டுகிட்ட. ஆனா அணைச்சுட்டேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன்."

கூட்டத்தில் ஒரே கூச்சல். நெனைக்கிறானாம் என்றார்கள். கொலைகாரன் என்றாள் ஒருத்தி. அவள் பிள்ளைக்கு மரத்தில் வீடு கட்டிக் கொடுத்தவன் லானி. கேப்டன் கையை உயர்த்தி அமர்த்த வேண்டியிருந்தது.

வெர்னா அங்கேதான் நின்றிருந்தாள், ட்ரெவருக்கு இரண்டு ஆள் தள்ளி. போன் அவள் பையில் இருந்தது. வாயைத் திறந்தால் நாளை வருகிறவன் வீட்டுக்குள்ளேயே வரமாட்டான். வீடு போகும். அக்காவிடம் என்ன சொல்வது? திறக்காவிட்டால்? இயந்திரம் புல்லோடு எரிந்து கிடந்தது. யாராவது அதைப் பார்த்துக் கேட்டால் முந்தாநாள் வெட்டினோம் என்று சொல்லிவிடலாம். ஒடீலியா வீட்டை எரித்தது ராக்கெட்தானே, புல் இல்லையே. வெடி கொண்டுவராதே என்றால் லானி கேட்டானா? அவன் கொண்டுவராவிட்டால் வேலியோடு போயிருக்குமே. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பாதி உண்மைதான். பாதி உண்மையாக இருந்ததால்தான் அவளால் அவ்வளவு நேரம் பேசாமல் நிற்க முடிந்தது.

ஒடீலியாவை யாரோ நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தீ பிடித்ததிலிருந்து அவள் லானியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"லானி, இந்த ஊருல நீ போட்ட மொதக் கூரை என் வீட்டுக் கூரைதானே? அப்ப உனக்கு இருபது வயசு. ஏணில ஏறும்போது காலு நடுங்குச்சு, நான் சோறு போட்டேன். என் வீட்டையா எரிச்சே?"

அவ்வளவு பேர் வைதபோது நிமிர்ந்து நின்றவன், நின்ற இடத்திலேயே குறுகிப்போனான். மரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"கோவத்துல இருந்தேன் ஒடீலியா. காலைல நடந்த சண்டை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எங்க போட்டேன், எப்படி அணைச்சேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. நானாத்தான் இருக்கும். வேற யாரு?" கேப்டன் பக்கம் திரும்பினான். "எழுதிக்கோங்க. லானி ஸ்ட்ரேக்தான்."

கேப்டன் பேனாவை எடுத்தாள். லானி அழுதுகொண்டிருந்தான், முகத்தை மூடாமல், சின்னப்பிள்ளை அழுகிற மாதிரி. செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒரு மனிதன் மனதார நம்புவதை வெர்னா அதுவரை பார்த்ததில்லை. வீடு, வங்கி, அக்கா எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகவில்லை.

"அவன் அணைச்சான்," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "அவன் சிகரெட்ட டப்பாக்குள்ள போட்டு நசுக்கி, பீரையும் ஊத்தி அணைச்சான். நான் ஜன்னல்லேர்ந்து படம் எடுத்துக்கிட்டிருந்தேன், அவன மாட்டிவிட. இந்தா, போன்ல இருக்கு. தீய வச்சது நாங்க. டாயல் புல் வெட்டினான். கத்தி கல்லுல பட்டுச்சு."

"வெர்னா, நீங்க அதிர்ச்சில இருக்கீங்க," என்று ட்ரெவர் அவள் கையைப் பிடித்தான். "உக்காருங்க, தண்ணி குடிங்க."

"கைய எடு. டாயல் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் விரட்டி அனுப்பினேன்."

"எத்தன மணி இருக்கும்?" என்றாள் கேப்டன்.

"ஒண்ணு."

"இந்தத் தெருவுல பத்து மணிக்கு மேல வெட்டக் கூடாதுன்னு விதி இருக்குன்னு எங்க ஸ்டேஷன்ல சொல்வாங்களே. எல்லாத் தெருவுக்கும் உங்களத்தான் உதாரணம் காட்டறோம்."

"ஆமா. நான் போட்ட விதிதான்."

லானியைப் பார்த்துக் கத்தியவர்களில் ஒருவரும் அவளைப் பார்த்துக் கத்தவில்லை. ட்ரெவர் அவள் கையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தான். ஒடீலியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு வசவு எவ்வளவோ தேவலை. கேப்டன் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள், பிறகு லானியிடம் நீட்டினாள். அவன் தன் கை டப்பாவைக் குலுக்குவதை இரண்டு தடவை பார்த்தான்.

"எவ்ளோ நேரமா இங்க நிக்கிறே வெர்னா?" என்று கேட்டான்.

"ஆரம்பத்துலேர்ந்து."

"ஒடீலியா கேட்டப்ப?"

"இருந்தேன்."

"எழுதிக்கோங்கன்னு நான் சொன்னப்ப?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏரிக்கரைக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லி அத வீட்டுக்குக் கொண்டுவந்தேன் பாரு, அது என் தப்பு. ஒடீலியா கூரையை நான் திரும்பப் போட்டுக் குடுப்பேன்," என்றான் லானி. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா இன்னும் ரெண்டு நிமிஷம் நீ பேசாம இருந்திருந்தா, சாகற வரைக்கும் நான் வச்ச தீன்னுதான் நம்பிக்கிட்டிருந்திருப்பேன்."

வெர்னா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை அவள் கையில் வைத்துவிட்டு, ஒடீலியாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான்.